குழலை அளந்த பிறகே அச்சு வாங்குங்கள்: ஒற்றைச்சூட்டுத் துவக்குக்கு ஈயக்குண்டு பொருத்தும் வழி

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பார்க்க வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகளில் சிலர் அங்கே துப்பாக்கிச் சுடும் கழகங்களில் சேர்ந்திருக்கிறார்கள். அதிலும் ஓரிருவருக்குப் பழைய மாதிரியில் புதிதாகச் செய்யப்படும் ஒற்றைச்சூட்டுத் துவக்குகளில் பைத்தியம். நான் கனடாவின் அல்பேட்டாவில் இயந்திரப் பட்டறையில் வேலை செய்த காலத்தில் இதே பைத்தியம் பிடித்தவன் என்பதால் கல்லடிக்கு வந்து என்னைத்தான் கேட்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"மாமா, குழலில 45-70 எண்டு வெட்டிக் கிடக்கு. அப்ப 0.458 அச்சு வாங்கினாச் சரிதானே?"

"சரியா பிழையா எண்டு குழல்தான் சொல்லணும், மகன். முதல்ல அதை அளங்க. மறுகா அச்சைப் பற்றிக் கதைப்பம்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் விரிவு. புதிதாக இறங்குகிறவர் குண்டு வார்க்கும் அச்சு, உலை, மசகு என்று எல்லாவற்றையும் வாங்கிவிட்டுக் கடைசியில் குழலை அளக்கப் போவார். வரிசை தலைகீழ். குழலின் அளவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தொடங்கமுன் சட்டம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கையோ ரவையையோ வெடிமருந்தையோ கையில் வைத்திருக்க முடியாது. ஆகவே இங்குள்ளவர்கள் இதை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். இது எங்கே சட்டப்படி சுடுகிறார்களோ அங்கே, உரிய அனுமதியோடு, கழகத்தின் மேற்பார்வையில் செய்கிறவர்களுக்கானது. விடுமுறைக்கு வரும்போது 'மாமாவுக்குக் காட்ட' என்று ஒரு குண்டைக்கூடப் பயணப்பையில் போட்டுவிடாதீர்கள். அளவை எழுதிக்கொண்டு வந்தால் போதும். இன்னொன்று: படுவான்கரைப் பக்கம் வயலிலோ வளவிலோ பழைய ரவையோ குண்டோ கண்ணில் பட்டால், ஈயம் கிடைத்தது என்று எடுக்கக்கூடாது. தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

பொறித்த எண் என்ன சொல்கிறது

45-70 என்பது 1873இல் அமெரிக்கப் படை ஸ்பிறிங்ஃபீல்ட் துவக்கோடு ஏற்றுக்கொண்ட தோட்டா. 45 என்பது அங்குலத்தில் நூறில் நாற்பத்தைந்து; 70 என்பது கோதுக்குள், அதாவது தோட்டாவின் உறைக்குள், போன கரிமருந்தின் நிறை, கிறெய்னில். அந்தக் காலக் குண்டு 405 கிறெய்ன், அதாவது ஏறத்தாழ 26 கிராம். ஒரு இறாத்தலில் 7000 கிறெய்ன் என்பதை நினைவில் வையுங்கள். இந்தத் துறையில் எல்லாம் கிறெய்னில்தான் ஓடும்.

இங்கே வயல்காவலுக்கு அனுமதியோடு வைத்திருக்கும் சொட்கன்னின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். நாம் பேசும் துவக்கின் குழலில் சுரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள், வெட்டியிருக்கும். வெட்டப்பட்ட பள்ளம் தவாளிப்பு. வெட்டாமல் விட்டது மேடு. 45-70க்குப் பெயரளவில் மேட்டுக்கு மேடு 0.450 அங்குலம், தவாளிப்புக்குத் தவாளிப்பு 0.458 அங்குலம். மில்லிமீற்றரில் 11.43, 11.63. இந்த இரண்டாவது எண்தான் நமக்கு உயிர்.

பெயரளவு என்று சொன்னேன். பழைய ஒற்றைச்சூட்டுத் துவக்குகளைச் செய்த ஷார்ப்ஸ் நிறுவனம் 1881இல் மூடப்பட்டுவிட்டது. இன்று 'ஷார்ப்ஸ்' என்று வாங்குவது பெரும்பாலும் இத்தாலியின் கார்டோனே வால் துறொம்பியாவில் பெடர்சோலி போன்ற பட்டறைகள் செய்தது, அல்லது அமெரிக்காவின் மொன்ரானாவில் பிக் ரிம்பரில் செய்தது. வேலை சுத்தம், நானே மெச்சியிருக்கிறேன். ஆனாலும் வெட்டும் கருவி தேயும், பளபளப்பாக்கும்போது கொஞ்சம் போகும். ஒரே பெயர் பொறித்த இரண்டு குழல்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு வேறுபடுவது வழமை. பழைய அசல் ஸ்பிறிங்ஃபீல்ட் குழல்கள் இன்னும் பெரிதாகவே இருக்கும். செப்பு உறை போட்ட தொழிற்சாலைக் குண்டுக்கு இது பெரிய விடயமில்லை. வார்த்த ஈயக்குண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

காரணம் வாயு. மருந்து எரிந்ததும் பின்னாலிருந்து தள்ளும் வாயு, குண்டுக்கும் குழலுக்கும் இடையில் சிறு வழி கிடைத்தாலும் பீறிட்டு முன்னே ஓடும். குழாய்க்கிணற்றுப் பம்பில் தோல்வாசர் தேய்ந்தால் கைபிடியை எத்தனை தரம் அடித்தாலும் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான்; வித்தியாசம், இங்கே கசிவது கொதிக்கும் வாயு. அது போகிற போக்கில் குண்டின் பக்கத்தை உருக்கிக் குழலில் ஈயமாகப் பூசிவிட்டுப் போகும். பூசிய குழலில் அடுத்த குண்டு சுரியைப் பிடிக்காது. பத்துச் சூட்டுக்குள் இலக்கில் துளைகள் சிதறத் தொடங்கும்.

அதனால் அடிப்படை விதி: குண்டு தவாளிப்பு அளவைவிட ஆயிரத்தில் ஒன்று பெரிதாக இருக்கவேண்டும், இரண்டு பெரிதானாலும் பரவாயில்லை. சிறிதாக இருக்கவே கூடாது. மென்மையான ஈயத்தையும் கரிமருந்தையும் சேர்த்துச் சுடும்போது, மருந்தின் உதையில் குண்டு தானாகவே பருத்துத் தவாளிப்பை நிரப்பும். அந்த இடத்தில் மட்டும் சரிசமமான அளவு பிழைத்துக்கொள்ளும். கடினக் கலவை அப்படிப் பருக்காது. 'கடினம் என்றால் நல்லது' என்று நினைத்து லைனோரைப் என்ற அச்சகத்துக் கடின ஈயத்தில் சிறிய குண்டு வார்ப்பவர்கள்தான் குழலில் அதிகமாக ஈயம் சுரண்டுகிறார்கள்.

முதற் படி: குழலுக்குள் ஈயத்துண்டு ஓட்டுதல்

தேவையானவை அதிகமில்லை. தவாளிப்பைவிடச் சற்றுப் பெரிய தூய ஈயத்துண்டுகள் மூன்று; நாலு அடி நீளப் பித்தளைக் கம்பி ஒன்று; சிறு மரச்சுத்தியல், மெல்லிய எண்ணெய், மைக்ரோமீற்றர்.

ஈயம் தூயதாக இருக்கவேண்டும். நகத்தால் கீறினால் தெளிவாகக் கோடு விழவேண்டும். கலவை ஈயம் குழலுக்குள் போய் வெளியே வந்ததும் சற்று மீண்டு பருக்கும். பிழையான அளவு சொல்லும். மர ஆணியையோ பிரம்பையோ கம்பிக்குப் பதிலாகப் பாவிக்கவேண்டாம். மரம் சாய்வாகப் பிளந்து, ஈயத்துக்குப் பக்கத்தில் ஆப்பாக இறங்கினால் குழலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத்தான் ஓடவேண்டும்.

துவக்கில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழலின் பின்வாயை மூடும் பின்கட்டையைக் கழற்றக்கூடிய மாதிரி என்றால் கழற்றிவிடுங்கள். குழலை நன்றாகத் துடைத்து, எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டுங்கள். துண்டைக் குழல்முனையில் வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். ஓரத்தில் ஒரு மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வரும். நல்லது, துண்டு நிறைந்து போகிறது என்று அர்த்தம். பிறகு பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள்.

இங்கே கைதான் கருவி. ஆரம்ப இறுக்கத்துக்குப் பிறகு கம்பி ஒரே சீராகப் போகவேண்டும். நடுவில் திடீரென்று இலகுவானால் அந்த இடத்தில் குழல் அகலம், இறுகினால் ஒடுக்கம். எந்த இடம் என்று கம்பியில் பென்சிலால் அடையாளம் போடுங்கள். இரண்டாவது துண்டைக் குழல்முனையில் ஒரு அங்குலம் மட்டும் இறக்கி, பின்புறத்திலிருந்து தட்டித் திரும்ப எடுங்கள். மூன்றாவதைப் பின்புறத்தில், சுரி தொடங்கும் இடத்தில் அப்படியே செய்யுங்கள். முனை, பின்புறத்தைவிட இறுக்கமாகவோ சமமாகவோ இருந்தால் நல்ல குழல். முனை அகலமாக இருந்தால் குண்டு வெளியேறும் கடைசி நேரத்தில் பிடி தளரும். அந்தத் துவக்கை விற்றவரிடம் பேசுவதுதான் முதல் வேலை.

வந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று உயர்ந்து நிற்கும் பட்டைகள் குழலின் தவாளிப்புகள். அமுங்கிய பட்டைகள் மேடுகள். உயர்ந்த பட்டைக்கு எதிர்ப்பட்டை வரை அளப்பதே தவாளிப்பு அளவு. வேணியரால் அளக்காதீர்கள். அதன் நம்பிக்கை ஆயிரத்தில் ஒன்று. நாம் தேடுவதே ஆயிரத்தில் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சி என்று படித்தோமே, அதுதான் வேண்டும், பத்தாயிரத்தில் ஒன்று காட்டுவது.

சென்ற முறை வந்த என் மருமகனுக்கு இதைப் பழக்க ஒரு சாதாரண இரும்புக் குழாய்த் துண்டில் ஈயத்தை ஓட்டி அளக்கக் கொடுத்தேன். மைக்ரோமீற்றரின் பெரிய உருளையையே பிடித்து முறுக்கினார். ஒவ்வொரு முறையும் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஈயத்தில் இரண்டு தட்டையான தடம் விழுந்துவிட்டது. "அதை முறுக்காதீங்க மகன், பின்னால இருக்கிற சின்னத் திருகைப் பிடிச்சு மூண்டு தரம் 'கிறிக்' எண்டு கேட்டதும் விடுங்க" என்றேன். மறுபடி ஐந்து முறை அளந்தார். ஐந்தும் ஒன்றாக வந்தன. ஈயம் மென்மை, அழுத்தினால் உங்கள் விருப்பத்துக்கு அளவு சொல்லும். கைச்சூடும் கணக்கில் வரும்: பத்துப் பாகை சூடேறினால் இந்தப் பருமனில் பத்தாயிரத்தில் ஒன்று கூடும். தள்ளி எடுத்த துண்டை மேசையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அளந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

தவாளிப்பு ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் ஒரு சிக்கல். பழைய ஸ்பிறிங்ஃபீல்டில் மூன்று. ஒரு தவாளிப்புக்கு எதிரே மேடு வந்து நிற்கும். சாதாரண மைக்ரோமீற்றர் பொய் சொல்லும். ஆங்கில 'வி' வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீற்றர் தேவை. அது இல்லையென்றால், தடிப்புத் தெரிந்த மெல்லிய உலோகத் தகட்டைத் துண்டைச் சுற்றி, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இறுக்கி, அதன்மேல் அளந்து, தகட்டின் தடிப்பை இரண்டு மடங்காகக் கழியுங்கள்.

இரண்டாம் படி: தோட்டா அறை விடுமா?

தவாளிப்பு 0.459 என்று வந்திருக்கிறது, நீங்கள் 0.460 வார்க்க விரும்புகிறீர்கள். ஆனால் குண்டு கோதுக்குள் செருகப்பட்டுத் தோட்டா அறைக்குள் நுழையவேண்டுமே. புதியவர்கள் மறக்கும் இடம் இது. அறை இறுக்கமாக இருந்து கோதின் வாய் விரிய இடமில்லாமல் போனால் குண்டு விடுபடாது, அழுத்தம் எகிறும். இது துல்லியப் பிரச்சினை இல்லை, ஆபத்து.

எளிய சோதனை ஒன்று: அதே துவக்கில் சுட்ட, நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அளவுக் கருவியில் திரும்பப் போடாத கோதை எடுங்கள். அதன் வாயில் உங்கள் குண்டை விரலால் விடுங்கள். தடையில்லாமல் உள்ளே நழுவினால் அறையில் இடம் உண்டு. முட்டினால் அந்தக் குண்டு இந்தத் துவக்குக்குப் பெரிது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, யாரும் தவிர்க்கக்கூடாது.

இன்னும் சரியாகத் தெரியவேண்டுமானால் அறையின் வார்ப்பு எடுக்கலாம். செரோசேஃப் என்ற கலப்புலோகம் 70 முதல் 88 பாகை செல்சியசுக்குள் உருகும். சுரி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் துணியால் அடைத்து, அறைக்குள் ஊற்றி, அரை மணிக்குள் தட்டி எடுத்துவிடவேண்டும். முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணித்தியாலம் ஆனபோது அறையின் உண்மை அளவில் நிற்கும். அந்த நேரத்தில் அளக்கவேண்டும். அதில் கட்மியமும் ஈயமும் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் உருக்கவே வேண்டாம். வார்ப்பில் அறை முடிந்து சுரி தொடங்கும் சிறு தொண்டைப் பகுதி தெளிவாகத் தெரியும். குண்டின் பருமன் அந்தத் தொண்டைக்கு நிறைந்து இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு: தவாளிப்பு 0.4585, தொண்டை 0.460, சுட்ட கோதின் வாய் 0.461 குண்டு வரை ஏற்கிறது. நான் 0.460க்கு அச்சு எடுப்பேன். 0.458 என்று கடைக்காரர் எடுத்துத் தந்திருந்தால் அது தவாளிப்பைவிடச் சிறிது. முதல் நாளே ஈயம் பூசியிருக்கும்.

நீளமும் முறுக்கும்

பருமன் முடிந்தது. நீளத்துக்கு ஒரே ஒரு கணக்குப் போதும். பிரித்தானியரான கிறீன்ஹில் 1879இல் தந்த வாய்பாடு: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, சுரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் அங்குலத்தால் வகுத்தால் தாங்கக்கூடிய அதிகபட்ச நீளம் வரும். 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 0.458 குண்டு ஏறத்தாழ 1.75 அங்குலம் வரை. 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 1.43 மட்டும். மறுதயாரிப்புகளில் 18 பரவலாக வரும். அதில் 500 கிறெய்னுக்கு மேற்பட்ட நீளக் குண்டுகளும் நிலைத்துப் பறக்கும். உங்கள் குழலின் சுற்று எவ்வளவு என்று இறுக்கமான துணி செருகிய துடைப்புக் கம்பியைத் தள்ளி, அது கிறுகும் தூரத்தை அளந்து பார்க்கலாம்.

கலவை

கரிமருந்துக்கு என் தேர்வு இருபதுக்கு ஒன்று: இருபது பங்கு ஈயம், ஒரு பங்கு வெள்ளீயம், நிறைப்படி. 5 கிலோ ஈயத்துக்கு 250 கிராம் வெள்ளீயம். பிரினெல் என்ற கடின அளவையில் தூய ஈயம் 5. இந்தக் கலவை 10 அளவில் நிற்கும். முப்பதுக்கு ஒன்று இன்னும் மென்மை, பதினாறுக்கு ஒன்று கொஞ்சம் கடினம். மூன்றும் நல்லவை. புகையில்லா மருந்தில் வேகம் கூட்ட நினைப்பவர்கள் அந்திமனி சேர்ந்த கலவைக்குப் போவார்கள். அவர்களுக்குப் பருமன் விதி இன்னும் கண்டிப்பு.

கலவையும் பருமனை மாற்றும். ஒரே அச்சில் தூய ஈயம் வார்த்தால் குண்டு சற்றுச் சிறிது. லைனோரைப் வார்த்தால் சற்றுப் பெரிது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு வரை போகும். அச்சின் பெட்டியில் எழுதிய எண் எந்தக் கலவைக்கு என்று கேளுங்கள்.

ஈயம் எங்கே எடுப்பது? கூரைத் தகட்டு ஈயம் பெரும்பாலும் மென்மை. ரயர் நிறைக்கட்டிகளில் இப்போது நாகத்தால் (சிங்க்) ஆனவை கலந்து வருகின்றன. நாகம் 420 பாகையில்தான் உருகும். உலையை 400க்குக் கீழே வைத்தால் அவை உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்து வீசிவிடலாம். வாகன பற்றறி ஈயத்தைக் கிட்ட எடுக்காதீர்கள். அதிலுள்ள கல்சியம், ஆசனிக், அந்திமனி எல்லாம் சேர்ந்து, கசடில் ஈரம் பட்டால் நச்சு வாயு எழும். மலிவு என்று இதில் கைவைப்பவர்களுக்கு நான் புத்தி சொல்வதில்லை, திட்டுவேன்.

வார்த்தல்

வாவிக்கரையில் வீச்சுவலைக்கு ஈயம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். அங்கேயும் முதல் பாடம் தண்ணீர்தான். மழை இருட்டினால் வார்ப்பவர் அடுப்பை அணைத்துவிடுவார். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி ஈரம் கீழே அகப்பட்டால் அது ஒரே கணத்தில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு எறியும். ஈரமான கரண்டி, ஈரமான ஈயக்கட்டி, நெற்றி வியர்வை எல்லாம் அதே கணக்கு. கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து, காற்றோட்டமான இடம் வேண்டும்; பக்கத்தில் சாப்பாடு, தேத்தண்ணீர், சின்னப்பிள்ளைகள் இருக்கக்கூடாது. முடிந்ததும் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் தோய்க்கவேண்டும்.

ஈயம் 327 பாகையில் உருகும். வார்க்க 380 முதல் 400 வரை வசதி. தேன்மெழுகுத் துண்டு ஒன்றை மேலே போட்டுக் கிளறுங்கள், தீப்பிடிக்கும், பயப்படவேண்டாம்; கசடு மேலே வந்ததும் வழித்துவிடுங்கள். அச்சை எண்ணெய் போகக் கழுவி, உலையின் ஓரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். முதல் குண்டுகள் சுருக்கம் விழுந்து வரும், அச்சு குளிர். தொடர்ந்து வார்த்தால் தெளிவாகும். மேலே வெண்பனி படிந்த தோற்றம் வந்தால் சூடு கூடிவிட்டது. மெல்லிய பனி குற்றமில்லை, கனமானால் அந்தக் குண்டு சற்றுச் சிறுத்திருக்கும். குண்டின் அடி விளிம்பு கூர்மையாக இருக்கவேண்டும். வாயு தள்ளுவதே அந்த அடியை. அங்கே ஒரு மூலை மழுங்கியிருந்தால் குண்டு வளைந்து போகும். மூக்கில் சிறு கோடு இருந்தால் மன்னிக்கலாம், அடியில் மன்னிப்பில்லை.

ஆறியதும் ஒவ்வொன்றையும் நிறுங்கள். 530 கிறெய்ன் குண்டுகளில் ஒரு கிறெய்ன் அங்கே இங்கே ஓகே. மற்றவற்றைவிட இலேசாக நிற்பது சந்தேகத்துக்குரியது. உள்ளே காற்றுக் குழி இருக்கும். திரும்ப உலைக்குள் போடுங்கள், ஈயம் எங்கேயும் போகாது.

பருமனையும் இரண்டு திசையில் அளங்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சரியாக மூடாவிட்டால் குண்டு நீள்வட்டமாக வரும். வார்த்தபடியே விரும்பிய அளவில் வந்தால் குண்டை நெரித்துக் குறைக்கும் அளவுக் கருவிக்குள் தள்ளவே வேண்டாம், அப்படியே சுடலாம். அதுதான் எனக்குப் பிடித்த முறை. பெரிதாக வந்தால் ஆயிரத்தில் இரண்டு வரை தள்ளிக் குறைக்கலாம். அதற்கு மேல் அமுக்கினால் குண்டு கோணும், மசகு வளையங்கள் ஒடுங்கும்.

மசகு

கரிமருந்தோடு கனிய எண்ணெய்க் கிறீஸ் வேண்டாம். புகைக்கரியோடு சேர்ந்து தாராக இறுகும். தேன்மெழுகும் மிருகக்கொழுப்பு அல்லது தாவர எண்ணெயும் கலந்த மென்மையான மசகுதான் சரி. குண்டின் வளையங்கள் நிறையவேண்டும், அடியில் ஒட்டியிருக்கக்கூடாது. சுட்டபின் குழல்முனையில் ஈரமான கரும் வளையம் ஒன்று தெரிந்தால் மசகு கடைசி வரை போதுமாயிருக்கிறது.

மருந்தின் அளவைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உங்கள் துவக்குக்கும் குண்டின் நிறைக்கும் உரிய அச்சிட்ட கையேட்டைப் பாருங்கள், கழகத்தில் அனுபவசாலி பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும்: கரிமருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வெற்றிடம் விடக்கூடாது. அது குழலையே கெடுக்கும்.

குழல் தரும் பதில்

முதல் நாள் இலக்கைவிடக் குழலைத்தான் அதிகம் பார்க்கவேண்டும். ஐந்து சூட்டுக்குப் பிறகு துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பின்புறத்தில், சுரி தொடங்கும் இடத்தில் வெள்ளி நூலாக ஈயம் தெரிந்தால் குண்டு சிறிது, அல்லது கலவை கடினம். முனைப்பக்கத்தில் மட்டும் தெரிந்தால் மசகு பாதியில் தீர்ந்துவிட்டது. குழல் சுத்தம், ஆனால் இலக்கில் துளை நீளவாக்கில் விழுகிறது என்றால் குண்டு தலைகீழாகப் புரள்கிறது. நீளத்தையும் சுற்றையும் திரும்பக் கணக்குப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கலவையையும் மசகையும் சேர்த்து மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று தெரியாது.

அச்சு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், குண்டு சிறிதாக வருகிறது என்றால்? அச்சின் ஒரு பாதியின் முகத்தில், குழிக்கு வெளியே, அலுமினிய நாடாவின் மெல்லிய கீற்று ஒட்டினால் அச்சு முழுதாக மூடாமல் குண்டு ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பருக்கும். கொஞ்சம் நீள்வட்டமாகத்தான் வரும். அளவுக் கருவியில் தள்ளினால் வட்டமாகும். அச்சுக் குழியைத் தேய்த்துப் பெரிதாக்குவதும் உண்டு; அதைப் பட்டறை பழக்கமில்லாதவர் செய்யவேண்டாம், தேய்த்த உலோகம் திரும்பி வராது. மேட்டு அளவுக்குக் குண்டு வார்த்து, மெல்லிய தாளை இரண்டு சுற்றுச் சுற்றித் தவாளிப்புக்கு நிறைக்கும் பழைய முறையும் இருக்கிறது. பொறுமைசாலிகளுக்கு அது நல்ல வழி.

புது அச்சு ஓடர் பண்ணுகிறவர்கள் நான்கு விடயங்களை எழுதி அனுப்பவேண்டும்: தவாளிப்பு அளவு, சுட்ட கோது ஏற்கும் அதிகபட்சக் குண்டு, சுரியின் சுற்று, நீங்கள் வார்க்கப்போகும் கலவை. தனிப்பட வெட்டித் தரும் அச்சுக்காரர்கள் இந்த நான்கையும் கேட்பார்கள். கேட்காமல் '45-70தானே' என்று பெட்டியை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.